மூன்றாவது மாடியில் செடி இல்லை

புதன்கிழமை மாலை, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருக்கும் லிஃப்ட் மெஷின் ரூமில், நாற்பத்து நாலு வயது ஆள் ஒருவர் கிரீஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்து, நான் எழுதிய இரண்டு பக்கங்களைப் படித்து அழுதுகொண்டிருந்தார். என் எழுத்தைப் படித்துப் பலர் சிரித்திருக்கிறார்கள். ஒருவர் வேலையை விட்டிருக்கிறார். அழுதவர் இவர்தான் முதல்.  ஆனால் அவர் அழுதுகொண்டிருந்த பத்தி முழுப் பொய்.

அவர் என் வழிகாட்டி. லிஃப்ட் மெக்கானிக் என்பதால் சபையில் எல்லோரும் லிஃப்ட் அண்ணன் என்பார்கள். எங்கள் சபையில் ‘இருவர் இருவராய்’ என்று ஒரு திட்டம் உண்டு. விசுவாசத்தில் முற்றிய ஒருவரையும், இப்போதுதான் முளைத்த ஒருவரையும் ஒரு வருடத்துக்குச் சேர்த்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு சந்திப்பு. கையில் ஓர் அச்சடித்த தாள், அதில் ஏழு கேள்விகள். இந்த வாரம் ஜெபித்தீர்களா என்று மெதுவாக ஆரம்பிக்கும். யார் மீதாவது கசப்பு வைத்திருக்கிறீர்களா என்று ஆறாவதில் உள்ளே இறங்கும். ஏழாவது கேள்வி: ‘மேலே உள்ள ஆறில் எதற்காவது பொய் சொன்னீர்களா?’ இதைச் சேர்த்தவர் சபைக்கு வருமுன் போலீஸில் இருந்திருக்க வேண்டும்.

அண்ணன் எட்டு மாதமாக ஆறு கேள்விகளைக் கேட்டுவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். முதல் வாரம் நானே ஞாபகப்படுத்தினேன்.

“அண்ணே, ஏழாவது?”

“அது உனக்கு வேணாம் தம்பி. அது மத்தவங்களுக்கு.”

இதைச் சொன்னவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கரெண்ட் ஆஃப் ஆகிவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னால் நம்பாதவர். சுவிட்சே கீழே பார்த்துக்கொண்டிருந்தாலும் நம்பாதவர். டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். பார்த்த பிறகு, டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று வேறொரு இடத்தில் வைத்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் உள்ளே கை விடுவார். உலகத்தில் அவர் தொட்டுப் பார்க்காமல் நம்பிய ஒரே மின்சாதனம் நான்.

வருகிற ஞாயிறு எனக்கு ஞானஸ்நானம். தண்ணீரில் இறங்குமுன் சபை முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். அதை எழுதி, வழிகாட்டியிடம் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். படிவத்தில் மூன்றாம் பகுதி: ‘மனந்திரும்பியதற்கு அடையாளமாக நீங்கள் செய்த ஒரு காரியம்.’ கீழே பன்னிரண்டு கோடுகள்.

செய்ய வேண்டிய காரியம் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கை நடுங்கும். டெஸ்ட் டியூப் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவருக்கு முன்னால் கிலுகிலுவென்று சத்தம் வரும். நான் அப்போது நோட்டீஸ் போர்டில் வாரம் ஒரு கேலித் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் எனக்குப் பெயரே ‘தலையங்கம்’. அந்தத் தாளில் ‘இன்றைய நிலநடுக்கம்’ என்று ஒரு பகுதி தொடங்கினேன். ‘காலை பத்து மணிக்கு லேபில் ரிக்டர் அளவில் 5.4. உயிர்ச்சேதம் இல்லை, பிப்பெட் இரண்டு.’ ஒரே வாரத்தில் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. அவர் உள்ளே வந்தால் பையன்கள் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். செய்முறைத் தேர்வு அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் முப்பது பேரும் ஒரே நேரத்தில் மேசையைப் பிடித்தார்கள். தேர்வாளர் ஏன் என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். தேர்வாளரும் சிரித்தார். மறுநாளிலிருந்து அட்டெண்டர் வரவில்லை.

நான் சிறப்பிதழ் தயாரித்தேன். ‘நிலநடுக்க மையம் இடம்பெயர்ந்தது.’ அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போகும்போதுதான் கல்லூரி லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. நாற்பது நிமிடம். கதவு இடுக்கின் வழியாக ஒரு குரல், “பயப்படாதப்பா, நான் இங்கதான் இருக்கேன். கையில என்ன பேப்பர்?” என்றது. பொழுது போகட்டும் என்று இடுக்கு வழியாக ஒரு தாளை நீட்டினேன். மேலே டார்ச் ஒன்று எரிந்தது.

“இதை அந்த ஆளு படிச்சாரா?”

“இல்லண்ணே, அவர் வேலைய விட்டுப் போயிட்டார்.”

“அப்ப இது யாருக்கு?”

 லிஃப்ட் நகர்ந்தது. அந்தத் தாளை நான் ஒட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து, அந்தக் குரல் எந்தச் சபைக்குப் போகிறது என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டேன்.

ஆக, மன்னிப்புக் கேட்பது என் திட்டத்தில் இருந்தது. மிக உறுதியாக இருந்தது. அவருடைய விலாசம் கேட்க இரண்டு முறை கல்லூரி வாட்ச்மேன் வரை போயிருக்கிறேன். இரண்டு முறையும் எதிர்க் கடையில் ஒரு பேனா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்தப் பேனாவால்தான் சாட்சியை எழுதினேன். பன்னிரண்டு கோடுகள் காலியாக என்னையே பார்த்தன. ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியும் போய்விடப் போகிறோம், முன்கூட்டியே எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது. எழுதினேன்:

‘அவர் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் ஒரு தொட்டியில் செடி இருந்தது. கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் அவர் எதுவும் பேசவில்லை. அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உள்ளே அழைத்து, தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார்.’

செடி என் தொழில் அனுபவம். பொய்க்கு வாசலில் ஒரு செடி வைத்துவிட்டால் அது வீடு மாதிரி ஆகிவிடும்.

அண்ணன் அந்த இடத்தில்தான் அழுதார். பிறகு கிரீஸ் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கன்னத்தில் கறுப்புக் கோட்டோடு, இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

“தம்பி, நீ கோவிச்சுக்கக் கூடாது. நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்.”

“என்னண்ணே?”

“நீ முந்தாநாள் இந்தப் பக்கத்தைப் போன்ல அனுப்பினல்ல? அப்பவே படிச்சுட்டேன். இப்ப படிச்சது ரெண்டாந்தடவை. படிச்சதும் மனசு தாங்கல. உன் காலேஜ் வாட்ச்மேன்கிட்ட நம்பர் வாங்கி அந்த அட்டெண்டருக்குப் போன் பண்ணிட்டேன்.”

எட்டு மாடிக்குக் கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள். மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. வடக்கயிறுகள் எனக்கு முன்னால் கீழே இறங்கிக்கொண்டே இருந்தன.

“என்ன... என்ன சொன்னீங்க?”

“‘சார், எங்க பையன் உங்க வீட்டுக்கு வந்து மன்னிப்பு கேட்டானாமே, நீங்க டீ போட்டுக் குடுத்தீங்களாமே, உங்க மாதிரி மனுஷங்களாலதான் சார் பிள்ளைங்க திருந்துது’ன்னேன். ஞாயித்துக்கிழமை சபைக்கு வாங்கன்னு கூப்பிட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“முதல்ல ஒண்ணும் சொல்லல. அப்புறம், ‘அப்படியா’ன்னார்.”

“அப்படியாவா?”

“ஆமா. அப்புறம் ‘வர்றேன்’னார். தங்கமான மனுஷன் தம்பி.”

‘அப்படியா’ என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அன்று வீடு போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார். ஒரு விதத்திலும் அது நல்லபடியாக ஒலிக்கவில்லை.

வியாழக்கிழமை காய்ச்சல் வரவழைக்கப் பார்த்தேன். தெர்மாமீட்டர் ஒத்துழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அண்ணி மட்டும் இருந்தார். அண்ணி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறார்; வாயைத் திறக்கச் சொல்வது அவருக்குப் பழக்கம்.

“வாப்பா ஞானஸ்நான மாப்பிள்ளை. ஏன் முகம் இப்படி இருக்கு? பல்லு வலியா?”

“இல்லண்ணி. அண்ணனைப் பாக்கணும்.”

“எட்டு மணி ஆகும். எங்கயோ ஒரு லிஃப்ட் அஞ்சாவது மாடில நிக்காம ஆறுல நிக்குதாம். உட்காரு.” அவர் வெள்ளைத் துணி ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது என் மேல் போர்த்த அண்ணன் புதிதாக வாங்கிய துண்டு. “உங்கண்ணன் இப்பல்லாம் நல்லாத் தூங்கறார், தெரியுமா?”

“முன்னாடி தூங்க மாட்டாரா?”

“உனக்கு முன்னாடி ரெண்டு பேரைக் குடுத்தாங்க இவருக்கு. முதல் பையன் மூணே மாசத்துல ஓடிட்டான். இவரைப் பார்த்தா ரோட்டுல எதிர்ப்பக்கம் போறான். ரெண்டாவது பையன் இருக்கானே, அவன் இவருக்கே அறிவுரை சொல்ல ஆரம்பிச்சுட்டான். ‘நீங்க ஜெபத்துல ரொம்ப வீக்’னு முகத்துக்கு நேரா சொன்னான். இவர் ஒரு மாசம் மெஷின் ரூம்லயே ஜெபம் பண்ணிட்டு லேட்டா வந்தார். ‘எனக்கு ஆளைத் தாங்கத் தெரியல, மிஷினைத்தான் தெரியும்’னு ஒரே புலம்பல். நீ வந்த பிறகுதான் மனுஷன் நிமிர்ந்தார். உன் சாட்சிய பாஸ்டருக்குப் படிச்சுக் காட்டினார். என் ஆஸ்பத்திரி டாக்டருக்குக்கூடப் படிச்சுக் காட்டினார். அங்க வாய்ல பஞ்சோட உட்கார்ந்திருந்த பேஷண்ட்டும் சேர்ந்து கேட்டாராம்.”

நான் எழுந்துகொண்டேன்.

“அண்ணனைப் பாக்கணும்னியே?”

“ஞாயித்துக்கிழமை பாத்துக்கறேன் அண்ணி.”

கோழைத்தனத்துக்கும் ஒரு தர்க்கம் உண்டு. அண்ணனிடம் பொய் என்று சொல்வதைவிட, பொய்யை உண்மையாக்கிவிடுவது மேல் என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால், எழுதியது எல்லாம் நடந்ததாகிவிடும். ஐந்தாறு நாள் முன்பின், அவ்வளவுதான். அவர் ஒத்துழைத்தால் ஒரு டீயும் குடித்துவிடலாம்.

சனிக்கிழமை காலை வாட்ச்மேனிடம் போனேன். இந்த முறை பேனா வாங்கவில்லை. அட்டெண்டர் இப்போது ஒரு பெரிய செருப்புக் கடையின் கிடங்கில் வேலை செய்வதாகச் சொன்னார்.

கடையின் பின்பக்கம் நீண்ட கிடங்கு. தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள். முன்னால் ஒரு பெண் ஒலிபெருக்கியில் “பழுப்பு, எட்டாம் நம்பர், ரெண்டு” என்று சொல்ல, ஏணிமேல் நின்றவர் பெட்டிகளை உருவிக் கூடையில் போட்டார். கூடை ஒரு கயிற்றில் முன்பக்கம் போனது. பெட்டியைப் பிடிக்கும்போது அவர் கை ஆடியது. பெட்டி சத்தம் போடவில்லை.

அவர் என்னைக் கண்டதும் இறங்கவில்லை. ஏணியிலிருந்தே பேசினார்.

“தலையங்கமா?”

“ஆமா சார்.”

“நீ வர்றேன்னு வாட்ச்மேன் போன் பண்ணினார். இன்னார்தான்னு தெரிஞ்சு உன்னை நான் பார்த்ததே இல்ல, தெரியுமா? போர்டுல உன் கையெழுத்தைத்தான் பார்த்திருக்கேன். நல்ல கையெழுத்து.”

“சார், நான்...”

“இங்க உடையுற மாதிரி ஒண்ணும் இல்லப்பா. தாராளமா பக்கத்துல வந்து நில்லு. எதையும் பிடிச்சுக்க வேணாம்.”

நான் ஒரு கையால் ஏணியைப் பிடித்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. சட்டென்று எடுத்தேன்.

“சார், என்னை மன்னிச்சிடுங்க. நான் பண்ணது ரொம்பத் தப்பு. அதைச் சொல்லத்தான்...”

“கறுப்பு, ஏழு, ஒண்ணு” என்றது ஒலிபெருக்கி. அவர் ஒரு பெட்டியைப் போட்டார்.

“ஏற்கெனவே வந்து கேட்டியாமே?”

நான் கூடை போன கயிற்றையே பார்த்தேன்.

“ஒருத்தர் போன்ல அழுதார். எனக்கு ஒண்ணும் புரியல. யாரு வந்தா, எப்ப வந்தான்னு வீட்டுல எல்லாரையும் கேட்டேன். எழுதினதைக் கொண்டு வந்திருக்கியா?”

“இருக்கு சார்.”

“வாசி.”

அதைவிட என்னை ஏணியில் ஏற்றிவிட்டுத் தள்ளியிருக்கலாம். அந்த ஆறு வரியை வாசித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது. நடுவில் ஒருமுறை “வெள்ளை, ஒன்பது, மூணு” வந்தது. அவர் பெட்டிகளைப் போட்டுவிட்டு, “ம், செடி வரைக்கும் வந்தே” என்றார்.

முடித்தேன்.

“என் வீடு மூணாவது மாடி. வாசல்ல ஒரு ஆள் நிக்கத்தான் இடம் இருக்கு. செடி வச்சா நான் எங்க நிக்கறது?”

“மன்னிச்சிடுங்க சார்.”

“டீ வேற குடுத்திருக்கேன். என் கையாலயே.” அவர் ஏணியிலிருந்து இறங்கி என் முன்னால் வந்தார். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். அவை என் கண்முன் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. “ஒரு சொட்டுகூடச் சிந்தாம குடுத்தேனா? அதை எழுதலையே நீ. இவ்வளவு நாள் அதைத்தான எழுதின. இப்ப நல்லவனாகணும்னதும் என் கைய நிறுத்திட்ட.”

தாளை மடித்துப் பையில் வைத்தேன். 

“இப்பவே கேக்கறேன் சார். உண்மையா கேக்கறேன்.”

“இங்க நீயும் நானும் மட்டும் இருக்கோம். நீ எழுதினப்ப நானூறு பேர் இருந்தாங்க. சுவத்துல எழுதினதைக் காதுல வந்து அழிக்க முடியாதுப்பா.” ஏணியில் திரும்ப ஏறினார். “நாளைக்கு வர்றேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வருவேன். நீ என்ன வாசிக்கறியோ வாசி. நான் எழுந்து ஒண்ணும் சொல்ல மாட்டேன், பயப்படாத.”

அவர் எழுந்து ஏதாவது சொல்வார் என்று பயந்துதான் நான் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இப்போது சொல்ல மாட்டேன் என்கிறார். பயம் குறைய வேண்டுமே, கூடியது.

சபை ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், வாடகைக் கூடத்தில் இருக்கிறது. மேடைப் பலகைகளைத் தூக்கினால் கீழே ஞானஸ்நானத் தொட்டி. குழாயில் வரும் தண்ணீருக்கு அது நிரம்ப ஐந்து மணி நேரம் ஆகும். சனி மதியம் நான் போனபோது அண்ணன் தொட்டியின் ஓரத்தில் குந்தி, ஹீட்டர் கம்பியைத் தண்ணீரில் விடுமுன் பிளக்கைப் பிடுங்கி, டெஸ்டரால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வா தம்பி. தண்ணி நாளைக்கு வெதுவெதுன்னு இருக்கும். போன தடவை ஒருத்தர் குளிர்ல பாவ அறிக்கையைப் பாதியிலயே நிறுத்திட்டார்.”

“அண்ணே, நான் அவர் வீட்டுக்குப் போகல.”

“எவர் வீட்டுக்கு?”

“அட்டெண்டர் வீட்டுக்கு. எழுதினது பொய். செடியும் பொய். டீயும் பொய். அவர் வேலைய விட்டதுக்கப்புறம் இன்னைக்குத்தான் முதல் தடவையா அவரைப் பார்த்தேன்.”

அவர் ஹீட்டரை மெதுவாகத் தரையில் வைத்தார். டெஸ்டரைப் பையில் வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். நான் எதிர்பார்த்த சாந்தமான முகம் வரவில்லை.

“நான் அந்த ஆளுகிட்ட போன்ல அழுதேன்டா.”

எட்டு மாதத்தில் முதல் ‘டா’.

“தெரியும்ணே.”

“என்ன தெரியும்? நடக்காத ஒண்ணுக்கு அவருக்கு நன்றி சொல்லியிருக்கேன். அவர் அதைக் கேட்டுட்டுச் சும்மா இருந்திருக்கார். என்னை எவ்வளவு பெரிய முட்டாள்னு நெனச்சிருப்பார்!” எழுந்து கூடத்தின் கடைசி வரை நடந்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்றார். “முதல் பையன் ஓடினான். அவனாவது பொய் சொல்லாம ஓடினான்.”

அது எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கதவு பக்கத்தில்தான் இருந்தது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து வந்து தொட்டியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். எட்டு மாதத்தில் மடிப்புகளில் கிழிந்திருந்தது.

“ஏழாவது கேள்விய நான் ஏன் கேக்கலன்னு தெரியுமா?”

“என்னை நம்பினீங்க.”

“நம்பிக்கையா? பயம்டா. நீயும் ஏதாவது சொல்லிட்டா, மூணாவது ஆளும் போச்சே. கேக்காம இருந்தா நீ நல்ல பையனாவே இருப்ப.” தாளைத் தட்டினார். “ஒரு லிஃப்ட்டை இப்படிப் பார்த்திருந்தா என்னை வேலைய விட்டுத் தூக்கியிருப்பாங்க.”

பிறகு பாஸ்டருக்குப் போன் செய்து, எதையும் குறைக்காமல், தன் பங்கையும் சேர்த்துச் சொன்னார்.  போனை வைத்ததும் அண்ணன் சொன்னார்:

“தண்ணி அப்புறம். முதல்ல சாட்சி. உண்மையான சாட்சி. மத்தது ஆண்டவர் பொறுப்பு.”

“அம்மா வர்றாங்கண்ணே. முதல் தடவையா சபைக்கு வர்றாங்க. சட்டைய ரெண்டு தடவை தேச்சு வச்சிருக்காங்க.”

“அப்ப தேச்ச சட்டையோட சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை அட்டெண்டர் வந்துவிட்டார். மூன்றாவது வரிசையில், மடியில் ஒரு துணிப்பையோடு. பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று என் அம்மா போய் உட்கார்ந்தார். ஆள் யாரென்று தெரியாமல் அவருக்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுத்தார். மூன்று பேருக்கு ஞானஸ்நானம் என்று அறிவிப்புப் பலகையில் இருந்தது. ஒரு நர்ஸ், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், நான். அவர்கள் இருவரும் சாட்சி சொல்லி முடித்தார்கள். என் முறை வந்தது.

கையில் தாள் இல்லாமல் மைக் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. மேடைப் பலகை தூக்கியிருந்ததால் எனக்குப் பின்னால் பெரிய குழி, வெதுவெதுப்பான தண்ணீர்.

கல்லூரியிலிருந்து தொடங்கினேன். லேப், அட்டெண்டர், அவருடைய கை. ‘இன்றைய நிலநடுக்கம்’ என்று சொன்னபோது பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். ‘உயிர்ச்சேதம் இல்லை, பிப்பெட் இரண்டு’ என்றபோது எட்டுப் பத்துப் பேர் சிரித்துவிட்டார்கள். பேருந்து ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் சிரிக்கவைக்க நினைக்கவில்லை. அந்த வாக்கியம் தானாகவே வேலை செய்தது. எட்டு மாதமாகியும் துருப்பிடிக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் அவர் இரண்டு கைகளையும் மெதுவாகத் துணிப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

நான் பேச்சை நிறுத்தினேன். பாஸ்டர் தண்ணீர் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

“நீங்க சிரிச்சது உங்க தப்பில்ல” என்றேன். “நான் அதைச் சிரிக்கற மாதிரி எழுதினேன். ஒரு மாசம் தினமும் ஒரு கல்லூரியே இப்படிச் சிரிச்சது. அவர் தினமும் அந்தச் சிரிப்புக்குள்ளதான் டெஸ்ட் டியூபைத் தூக்கிட்டு வந்தார். ஒருநாள் வரல. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன்னு இந்தச் சாட்சில எழுதியிருந்தேன். உங்கள்ல சில பேர் அதை ஏற்கெனவே கேட்டிருப்பீங்க. அது பொய். நான் போகல. வாசல்ல செடி இருந்துச்சுன்னு எழுதினேன், இல்ல. டீ குடுத்தார்னு எழுதினேன், குடுக்கல. பயத்துல போகாம இருந்தேன், நல்லவன்னு தெரியணும்னு போனதா எழுதினேன். எங்கண்ணனையும் அந்தப் பொய்யை நம்பவச்சு, அவரை அழவச்சேன். நான் கேலி பண்ணவர் இங்க வந்திருக்கார். யாருன்னு சொல்ல மாட்டேன். அவரை மறுபடியும் எல்லாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. சார், என்னை மன்னிச்சிடுங்க. மன்னிக்கலன்னாலும் நான் கேட்டது கேட்டதுதான். இன்னைக்கு நான் தண்ணியில இறங்கல.”

 எங்கள் சபையில் எதற்கும் ஸ்தோத்திரம் சொல்லும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர்கூடச் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தில் ‘வீட்டுக்கு வா, பேசிக்கலாம்’ என்று தெளிவாக எழுதியிருந்தது.

எழுந்து எதுவும் சொல்ல மாட்டேன் என்றவர் எழுந்தார்.

“நான்தான் அது” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து முன் நாற்காலியின் முதுகில் வைத்தார். நாற்காலி கிடுகிடுவென்று ஆடியது. யாரும் சிரிக்கவில்லை. “மன்னிச்சுட்டேன்னு இப்பவே சொல்லத் தெரியல. பொய் சொல்ல வேணாம்னு பாக்கறேன், நீங்க எல்லாம் அதைத்தான் பேசிட்டிருக்கீங்க. பையன் எழுதின மாதிரி நிஜமாவே ஒருநாள் வரட்டும். மூணாவது மாடி. லிஃப்ட் ஆறு மாசமா வேலை செய்யல.”

“எந்தக் கம்பெனி லிஃப்ட்?” என்று மேடை ஓரத்திலிருந்து ஒரு குரல். லிஃப்ட் அண்ணன்தான். அண்ணி அவர் தொடையில் பலமாக ஒன்று வைத்தார்.

அன்று நர்ஸும் ஓட்டுநரும் தண்ணீரில் இறங்கினார்கள். எனக்கு வாங்கிய துண்டை ஓட்டுநருக்குப் போர்த்தினார்கள். எல்லோரும் போன பிறகு நானும் அண்ணனும் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டு, தண்ணீர் வடியும் வரை ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் தாளை எடுத்து, முதல் கேள்வியிலிருந்து ஏழாவது வரைக்கும், ஒன்றையும் விடாமல் கேட்டார். ஏழாவதைக் கேட்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்.

“மூணாவது கேள்விக்குக் கொஞ்சம் ஏத்திச் சொன்னேன்” என்றேன்.

“எவ்வளவு?”

“பாதி.”

“சரி. திரும்பச் சொல்லு.”

அடுத்த புதன்கிழமை மெஷின் ரூம் சந்திப்பு ரத்து. அட்டெண்டர் வீடு இருக்கும் கட்டடத்தின் கீழே அண்ணன் பையோடு வந்து நின்றார். செத்துக்கிடந்த லிஃப்டின் கதவைக் கையால் வருடிப் பார்த்தார். பசித்தவன் மாதிரி இருந்தது.

“நீங்களும் வாங்கண்ணே.”

“நான் எதுக்கு? நான் கேலி பண்ணல.” கதவு இடுக்கில் கண்ணை வைத்தார். “நான் இங்கதான் இருக்கேன். ஏறு.”

மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. கீழே இரும்பு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஏறினேன். மூன்றாவது மாடி வாசலில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது. செடி இல்லை. மணியில் விரலை வைத்தேன். விரல் ஆடியது. ரிக்டரில் அளவெடுக்கவில்லை.

உள்ளேயிருந்து கிலுகிலுவென்று கண்ணாடிச் சத்தம் மெதுவாக நெருங்கி வந்தது.

“திறந்துதான் இருக்கு” என்றது குரல். “எனக்குக் கை ரெண்டும் காலியில்ல. நீயே தள்ளிட்டு வா.”